ஜானகி அம்மாள் பற்றி அறிவியல் வாரத்தில் எதை எழுதுவது, எதைச் செய்து காட்டுவது?

பெர்ஜுந்தை_டீச்சர்

வணக்கம். மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் வாரம் வருகிறது. 5, 6ஆம் ஆண்டு மாணவர்களுக்குக் கிடைத்த தலைப்பு தாவரவியல் அறிஞர் இ. கே. ஜானகி அம்மாள். படம், பிறப்பு, இறப்பு, விருது என்று மணிலா அட்டையில் எழுதி ஒட்டினால் பிள்ளைகள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த அம்மா தம் கையால் என்ன வேலை செய்தாரோ, அதையே கூடத்தில் செய்து காட்ட வேண்டும் என்பது ஆசை.

"இந்தியக் கரும்பை இனிக்க வைத்தவர்" என்ற வரி இணையத்தில் எங்கு பார்த்தாலும் இருக்கிறது. அதை அப்படியே எழுதலாமா? குரோமோசோம் (உயிரணுவுக்குள் மரபுப் பண்பைச் சுமக்கும் இழை) எண்ணுவதுதான் அவருடைய முதன்மை வேலை என்றால் அதை வெங்காய வேரில் காட்ட முடியுமா? இடைநிலைப்பள்ளியிலிருந்து இரண்டு நுண்ணோக்கி இரவல் கிடைக்கும். படிவம் 4 மாணவர்கள் சிலர் துணைக்கு வருவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நாலு பக்கமும் செம்பனைதான். அதோடு சேர்த்துச் சொல்ல வழி இருந்தாலும் சொல்லுங்கள்.

நாணல்

டீச்சர், கரும்பிலிருந்தே தொடங்குகிறேன். பிழை அதிகம் நடப்பது அங்கேதான்.

கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912ல் தொடங்கியது. சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் சீனிக்கரும்பை நாணலோடு கலந்து எடுத்த கோ 205 ரகம் 1918லேயே வெளிவந்துவிட்டது. ஜானகி அம்மாள் அந்த நிலையத்தில் சேர்ந்தது 1934ல். ஆகவே அந்தக் கலப்புக் கரும்பை இவர் உருவாக்கினார் என்று எழுதினால் வருடம் இடிக்கும். அதோடு, இவர் உண்மையில் செய்த வேலை அந்த ஒரு வரிக்குப் பின்னால் மறைந்துபோகும். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

அவர் அங்கே உயிரணு மரபியலாளர், அதாவது குரோமோசோமை எண்ணி ஆராய்பவர். சீனிக்கரும்பு தடித்தது, இனிப்பு மிகுந்தது, நோய்க்கு எளிதில் விழுந்துவிடும். நாணல் மெலிந்தது, இனிப்பு குறைவு, ஆனால் வறட்சியும் நோயும் தாங்கும். சீனிக்கரும்புக்குக் குரோமோசோம் 80. நாணலுக்கு ஒரே எண் கிடையாது. எடுத்த இடத்தைப் பொறுத்து 40 முதல் 128 வரை மாறும். கலப்பில் இன்னொரு புதிர் உண்டு. பெற்றோர் ஒவ்வொருவரும் பாதி கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் சீனிக்கரும்பு தாயாகவும் நாணல் தந்தையாகவும் இருக்கும்போது தாய் தன் 80ஐயும் முழுதாகக் கொடுத்துவிடும். தந்தை நாணலுக்கு 64 என்றால் அதில் பாதி 32. பிள்ளைக்கு 112. இதை ஜாவாவில் கரும்பை ஆராய்ந்த பிரெமர் முன்பே கண்டிருந்தார். எந்தக் கலப்பு நிலைக்கும், எது மலடாகும், எதில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதெல்லாம் வயலில் பார்த்தால் தெரியாது. எண்ணினால்தான் தெரியும். ஜானகி அம்மாள் நாணலின் பல வடிவங்களை எண்ணி, அவை பரவியிருக்கும் இடங்களோடு பொருத்தி, நாணலின் பிறப்பிடம் இந்தியா என்ற முடிவுக்கு வந்தார்.

அடுத்தது பேரினக் கலப்பு, அதாவது கரும்பை வேறு பேரினச் செடியோடு கலப்பது. கரும்போடு மக்காச்சோளம், கரும்போடு சோளம், கரும்போடு எரியாந்தஸ் என்னும் புல், கரும்போடு லாலான். லாலான் என்றால் உங்கள் பள்ளி வேலிக்குப் பின்னால் நிற்கிறதே, அதே புல்தான். கரும்பு மக்காச்சோளக் கலப்பைப் பற்றிய அவருடைய குறிப்பு 1938ல் நேச்சர் இதழில் வந்தது. இப்படிப்பட்ட கலப்புகள் பெரும்பாலும் விதை கட்டாது. அப்படியானால் அவற்றை எப்படி வைத்துக்கொள்வது? கரும்பைக் கரணை வெட்டி நடலாம் அல்லவா, அதனால் மலட்டுச் செடியும் அழியாமல் ஆய்வுக்குக் கிடைத்தது. கூடத்தில் ஒரு கரும்புக் கழியும் வேரோடு பிடுங்கிய லாலானும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே புல் குடும்பம் என்று கணுவைத் தொட்டுப் பார்த்தே பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

வாழ்க்கைக் குறிப்புக்கு இவ்வளவு போதும். 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். சென்னை ராணி மேரிக் கல்லூரி, மாநிலக் கல்லூரியில் படித்து, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தார். பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1931ல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். இந்தப் பார்பர் வேறு, கரும்பு நிலையத்துப் பார்பர் வேறு. தமிழில் இரண்டு பெயரும் ஒன்றுபோல் இருப்பதால் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள். பிறகு திருவனந்தபுரத்தில் பேராசிரியர், அதன்பின் கோவை. 1939ல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனபோது போர் மூண்டது. பிரிட்டனிலேயே தங்கி லண்டன் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் வேலை செய்தார். மரபியல் அறிஞர் சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து, பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்த பெரிய நூலை 1945ல் வெளியிட்டார். 1951ல் நேரு அழைக்க இந்தியா திரும்பி, இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தைச் சீரமைக்கும் சிறப்புப் பணியை ஏற்றார். அலகாபாத் மத்தியத் தாவர ஆய்வகத்துக்குத் தலைவராக இருந்தார். 1977ல் பத்மஸ்ரீ. கடைசிக் காலத்தில் சென்னையை அடுத்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் 1984 பிப்ரவரி 7 அன்று மறைந்தார்.

ஆய்வுக்கூடம்

டீச்சர், வெங்காய வேரில் கட்டாயம் காட்டலாம். வெங்காயத்துக்குக் குரோமோசோம் 16தான், அதுவும் பெரிது பெரிதாக இருக்கும். எண்ணப் பழக அதைவிட நல்ல பொருள் இல்லை. கரும்பில் 80ஐ எண்ணிய கை எப்படிப்பட்டது என்று பிள்ளைகளுக்கு அப்போது தானாகவே விளங்கும்.

வெங்காயம் ஐந்தாறு வாங்குங்கள். ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். முளைவிடாமலிருக்க மருந்தோ கதிரோ காட்டிய வெங்காயம் சந்தைக்கு வருவதுண்டு, அது எத்தனை நாள் வைத்தாலும் வேர் விடாது. அடியில் காய்ந்துகிடக்கும் பழைய வேரை மட்டும் பிளேடால் சுரண்டி எடுங்கள். அடித்தட்டை வெட்டிவிட்டால் வேர் வர இடமே இல்லை. வாய் குறுகிய போத்தலில் தண்ணீர் நிரப்பி, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி உட்காரவைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் தண்ணீர் சீக்கிரம் கெடும், தினமும் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று நாளில் ஒன்றிரண்டு செண்டிமீட்டர் வேர் வரும். அதற்குமேல் வளரவிட வேண்டாம்.

இந்த இடத்தில் வெங்காயங்களை இரண்டு கூறாகப் பிரியுங்கள். ஒரு கூறை அப்படியே அடுத்த வேலைக்கு எடுங்கள். இன்னொரு கூறைப் போத்தலோடு பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் 24 மணி நேரம் விடுங்கள். உறைபெட்டியில் வைக்கக்கூடாது. குளிர் பட்டால், உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோமை இழுக்கும் கதிர் இழைகள் கலைந்துவிடும். குரோமோசோம்கள் குட்டையாகி உயிரணு முழுதும் சிதறிக் கிடக்கும், 16ஐ எண்ண வசதி. ஆனால் இரு பக்கமும் பிரிந்துபோகும் கட்டங்கள் அந்தக் கூறில் கிடைக்காது. பிரிவின் வரிசையைக் காட்டக் குளிரில் வைக்காத கூறு, எண்ணிக் காட்டக் குளிரில் வைத்த கூறு. இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பலர் ஒரே தகட்டில் இரண்டையும் தேடிக் களைத்துப்போகிறார்கள்.

பிறகு நிலைநிறுத்தல். 95 விழுக்காடு எத்தனால் 15 மி.லி., செறிந்த அசிட்டிக் அமிலம் 5 மி.லி. கலந்த கரைசலில் வேர்களை ஓர் இரவு விடுங்கள். கரைசலை அன்றன்றே கலக்க வேண்டும், வைத்திருந்தால் ஆல்கஹாலும் அமிலமும் தங்களுக்குள் வினைபுரிந்து வீரியம் போய்விடும். மறுநாள் 70 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. அதனால் இந்த வேலையை அறிவியல் வாரத்துக்கு முன்பே முடித்துவிடலாம்.

நிறமேற்றும் நாளில் வேரைத் தண்ணீரில் அலசி, 60 பாகை சூட்டில் இருக்கும் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆறு முதல் எட்டு நிமிடம் விடுங்கள். நீர்ச்சூடேற்றி இல்லையென்றால் கொதித்த தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உயிரணுக்களை ஒட்டவைத்திருக்கும் பசையைக் கரைப்பது இந்தக் கட்டம்தான். நேரம் குறைந்தால் எத்தனை தட்டினாலும் வேர் கட்டியாகவே நிற்கும். நேரம் கூடினால் வேர் கூழாகும், நிறமும் பிடிக்காது. மறுபடி அலசி, அசிட்டோ கார்மைன் அல்லது அசிட்டோ ஆர்சீன் சாயத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் மூடிவையுங்கள்.

வேரின் நுனி மட்டும் கறுத்துத் தெரியும். அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரை வெட்டித் தகட்டில் வைத்து, மீதியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். மேலே உள்ள பகுதியில் உயிரணுக்கள் நீளுமே தவிர பிரியாது. "நீளநீளமாகக் கட்டம்தான் தெரிகிறது, குரோமோசோம் காணோம்" என்று வரும் புகார் பாதிக்குமேல் இதனால்தான். ஒரு சொட்டு 45 விழுக்காடு அசிட்டிக் அமிலம் விட்டு, மூடுகண்ணாடியைச் சாய்த்து இறக்குங்கள், காற்றுக்குமிழி வராது. பென்சிலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டினால் நுனி பரவி மேகம்போல் ஆகும். பிறகு வடிதாளை மேலே வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். விரல் பக்கவாட்டில் வழுக்கினால் உயிரணுக்கள் உருண்டுபோய்த் தகடு வீண். 10 மடங்கு வில்லையில் தேடி, 40 மடங்கில் எண்ணுங்கள்.

பெர்ஜுந்தை_டீச்சர்

அக்கா, மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். செறிந்த அசிட்டிக் அமிலத்துக்குப் பதிலாகச் சமையல் வினிகர் போடலாமா? இதையெல்லாம் 5ஆம் ஆண்டுப் பிள்ளைகள் கையால் செய்யவிடலாமா?

ஆய்வுக்கூடம்

வினிகர் வேண்டாம் டீச்சர். அதில் அசிட்டிக் அமிலம் ஐந்து விழுக்காடு அளவில்தான், மீதி தண்ணீர். ஆல்கஹாலோடு கலந்தாலும் உயிரணு அப்படியே நிற்காது, குரோமோசோம் கலங்கித் தெரியும். படிவம் 4 உயிரியலில் உயிரணுப் பிரிவு பாடம் இருப்பதால் இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் அமிலமும் சாயமும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆய்வுக்கூட உதவியாளரிடம் கேளுங்கள்.

அமிலம் சேரும் வேலை எல்லாம் அந்தக் கூடத்திலேயே பெரியவர் கையால், கையுறையும் கண்ணாடியும் போட்டு, சன்னல் திறந்துவைத்து நடக்கட்டும். சாயம் ஏறிய நுனிகளைச் சிறு குப்பியில் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். கடைசிச் சொட்டு அமிலத்தைப் படிவம் 4 பிள்ளைகள் விட்டு மூடுகண்ணாடி போட்டுக் கொடுத்தால், தட்டுவதும் அழுத்துவதும் தேடுவதும் உங்கள் பிள்ளைகள் செய்யலாம். வேரை வளர்ப்பது முழுக்க அவர்கள் பொறுப்பு. நல்லதாக வந்த ஒரு தகட்டைச் சுற்றிலும் நகச்சாயம் பூசி அடைத்துவிட்டால் அன்று முழுதும் காயாது. அதை ஒரு நுண்ணோக்கியில் நிலையாக வைத்துவிட்டு, இன்னொன்றைப் பிள்ளைகள் செய்யும் தகடுகளுக்கு விடுங்கள்.

நாற்றங்கால்

டீச்சர் செம்பனை கேட்டிருந்தீர்கள். ஜானகி அம்மாள் செம்பனையில் ஆய்வு செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆனால் கலப்பினம் என்றால் என்ன என்று காட்ட உங்கள் ஊரைவிட நல்ல இடம் கிடையாது. 1917ல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்டது பெர்ஜுந்தையை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான்.

அன்று நட்டது டூரா வகை. ஓடு தடிப்பு, இரண்டு முதல் எட்டு மில்லிமீட்டர் வரை வரும், எண்ணெய் தரும் சதை குறைவு. பிசிபெரா வகைக்கு ஓடே கிடையாது, ஆனால் அதன் பெண்குலை பெரும்பாலும் பழுக்காமல் அழுகிவிடும். டூராவைத் தாயாகவும் பிசிபெராவைத் தந்தையாகவும் வைத்துக் கலந்தால் பிள்ளைகள் அத்தனையும் டெனரா. மெல்லிய ஓடு, தடித்த சதை. இன்று தோட்டத்தில் நிற்பது இந்த டெனராதான். ஓட்டைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு என்று 1941ல் காங்கோவில் ஆய்வு செய்த பெய்ர்னார்ட், வாண்டர்வேயன் இருவரும் காட்டினார்கள். அந்த மரபணுவை இன்னதென்று அடையாளம் கண்டு, மலேசியச் செம்பனை வாரியத்து ஆய்வாளர்கள் 2013ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள்.

செய்துகாட்ட, பழுத்த உதிரிப் பழம் கொஞ்சம் போதும். பெரியவர் ஒருவர் பாராங் கத்தியால் குறுக்கே இரண்டாக வெட்டட்டும். பழம் வழுக்கும், கையில் பிடித்து வெட்டக்கூடாது, கட்டைமேல் வைத்து வெட்ட வேண்டும். டெனராவில் ஓட்டைச் சுற்றிச் சதைக்குள் கறுப்புப் புள்ளிகளாக ஒரு நார் வளையம் தெரியும். டூராவில் அந்த வளையம் இருக்காது. ஓட்டின் தடிப்பை மட்டும் அளந்து முடிவு செய்யாதீர்கள். தடித்த டெனராவும் மெல்லிய டூராவும் அளவில் ஒன்றோடொன்று மோதும். நார் வளையம்தான் சாட்சி.

டூரா எங்கே கிடைக்கும் என்றால், நட்ட மரத்தில் தேடாதீர்கள். ஆற்றோரம், வடிகாலோரம் தானாக முளைத்து மரமானதைப் பாருங்கள். டெனராவும் டெனராவும் சேர்ந்து விழுந்த விதை, கால் பங்கு டூரா, பாதி டெனரா, கால் பங்கு பிசிபெரா என்று பிரியும். உதிர்ந்த பழத்திலிருந்து வந்த கன்றைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளாமல் களையெடுப்பது இதனால்தான். கரும்பானால் நல்ல கலப்பு ஒன்று அமைந்தவுடன் கரணை வெட்டி நடலாம். செம்பனையில் அப்படி வெட்டி நட முடியாது, அதனால் ஒவ்வொரு முறையும் டூராவையும் பிசிபெராவையும் புதிதாகக் கலந்து விதை எடுக்க வேண்டியிருக்கிறது.

நாணல்

அண்ணன் சொன்னது அருமையான இணைப்பு. டீச்சர், கரணையையும் செம்பனை விதையையும் ஒரே மேசையில் வைத்துவிடுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. 1940களின் பிற்பாதியில் ஜானகி அம்மாள் இங்கிலாந்தில் விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத் தோட்டத்தில் வேலை செய்தார். அங்கே கால்ச்சிசின் என்ற பொருளை மக்னோலியா நாற்றுகளில் இட்டு, குரோமோசோம் எண்ணை இரட்டிப்பாக்கினார். 38 இருக்க வேண்டிய இடத்தில் 76. அவர் பெயரையே தாங்கிய ஒரு மக்னோலியா ரகம் அப்படி வந்தது. வேலை நடக்கும் விதம் நீங்கள் குளிர்பெட்டியில் செய்யப்போவதைப் போன்றதுதான். கதிர் இழை உருவாகாமல் கால்ச்சிசின் தடுக்கும். குரோமோசோம் இரண்டாகிவிடும், உயிரணு மட்டும் இரண்டாகப் பிரியாமல் நின்றுவிடும்.

ஆனால் கால்ச்சிசினைப் பள்ளிக்குள் கொண்டுவரவே வேண்டாம். கொடிய நஞ்சு. நாம் கார்த்திகைப் பூ, செங்காந்தள் என்று போற்றும் கொடியின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது இதே நஞ்சுதான். யாராவது ஆர்வத்தில் அந்தக் கிழங்கை அரைத்துச் சாறு எடுத்துப் பார்க்கலாம் என்று சொன்னால் உடனே தடுத்துவிடுங்கள். பூவின் படம் போதும்.

ஏட்டுச்சுவடி

படத்தைப் பற்றி ஒரு சொல். தேடுபொறியில் "ஜானகி அம்மாள்" என்று மட்டும் போட்டால் கணிதமேதை ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள் படமும் வரும். இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் இருந்த நம் நாட்டு ஜானகி ஆதி நாகப்பனின் படமும் கலந்து வரும். மூவரும் மூன்று பேர். "இ. கே." என்ற முன்னெழுத்தும் "தாவரவியல்" என்ற சொல்லும் சேர்த்துத் தேடுங்கள். ஜானகி ஆதி நாகப்பனை இங்கே பலரும் அறிவார்கள் என்பதால், படம் மாறினால் வரும் பெற்றோர் உடனே பிடித்துவிடுவார்கள்.

இன்னொன்றும் அட்டையில் இடம்பெற வேண்டும் என்று நினைக்கிறேன். 1955ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றியிருக்கிறான் என்று பேச அறிஞர்கள் கூடினார்கள். அங்கே அழைக்கப்பட்ட ஒரே பெண் இவர். பேசியது இந்தியாவின் தற்சார்பு வேளாண்மையைப் பற்றி. வயது எழுபதைத் தாண்டிய பிறகு, கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணைக்கட்டுத் திட்டம் மூழ்கடிக்கப் பார்த்தபோது அதை எதிர்த்தவர்களோடு நின்றார். அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோமையும் எண்ணப் புறப்பட்டார். 1984 நவம்பரில் அது தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை, அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டார். ஆண்டுகளை எழுதும்போது இந்த இரண்டு மாதங்களையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் 1984 என்று போட்டால் அவர் அறிவிப்பைக் கண்டுவிட்டு மறைந்ததாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

பெர்ஜுந்தை_டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமையே வெங்காயம் தண்ணீரில் வைக்கச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் வைத்தால் சனி, ஞாயிறு தண்ணீர் மாற்ற ஆள் இருக்காது, ஆகவே பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு போத்தல் கொடுத்தனுப்பலாம் என்று எண்ணம். சரியாக வருமா?

ஆய்வுக்கூடம்

நன்றாக வரும். ஒவ்வொரு போத்தலிலும் பிள்ளையின் பெயரும் தண்ணீரில் வைத்த நாளும் எழுதுங்கள். திங்கள் காலை தூக்கிக்கொண்டு வரும்போது வேர் முறியும். அதனால் போத்தலை அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள், வெங்காயத்தை மட்டும் எடுத்துப் பையில் போட்டுவிட வேண்டாம். வேர்நுனி பழுப்பாகி வழவழவென்று இருந்தால் அது அழுகியது, ஒதுக்கிவிடுங்கள். வெள்ளையாக, நுனி கூர்மையாக, லேசாக மஞ்சள் ஓடியிருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டியது.